பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஊமையாகிவிட்டதா? தொலைந்த ஒலியை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து வயதைக் கடந்த மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி முடிக்கிறீர்கள். வைஃபை கிடைக்கிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, தொடுபலகை சொன்னபடி கேட்கிறது. பாட்டு ஒன்றைப் போட்டால் நேரக்கோடு நகர்கிறது; சத்தம் மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் பலரும் செய்வது, இணையத்தில் கிடைத்த நான்கைந்து கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்ப்பது. அதில் ஒன்று ஒரு கோப்பை மாற்றியிருக்கும், இன்னொன்று ஒரு தொகுப்பை நீக்கியிருக்கும். என்னிடம் வந்த ஊமை மடிக்கணினிகளில் பாதியில், அசல் கோளாறைத் தேடியதைவிட இந்த ஒட்டுவேலைகளைப் பிரித்தெடுக்கத்தான் அதிக நேரம் ஆனது.

ஒலி ஒரு பாதையில் பயணம் செய்கிறது. அந்தப் பாதையில் அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால், அங்கே செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒரு சிறு மாற்றம்தான். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே தேடல். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு சோதனை, இரண்டையும் ஒரு தாளில் குறித்து வைப்பது: இவ்வளவு ஒழுக்கம் போதும்.

பாதை இதுதான். பாட்டு இயக்கியிலிருந்தோ உலாவியிலிருந்தோ புறப்படும் ஒலி முதலில் ஒலிச் சேவையகத்துக்கு வருகிறது. புதிய லினக்ஸ் விநியோகங்களில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில்) அது பைப்வயர். சற்றுப் பழையவற்றில் பல்ஸ்ஆடியோ. ஃபெடோரா 2021இல் தன் 34ஆம் பதிப்பிலும், உபுண்டு 22.10 பதிப்பிலும் பைப்வயருக்கு மாறின. சேவையகம் பல நிரல்களின் ஒலியையும் கலந்து ஆல்சாவிடம் கொடுக்கிறது. ஆல்சா என்பது கர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவோடு, சேர்ந்த ஒலி அடுக்கு. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கர்னலிலிருந்து லினக்ஸின் ஒலிக்கு அதுதான் அடித்தளம். அதற்கும் கீழே வன்பொருளை இயக்கும் டிரைவர், பிறகு எண்களை மின்னலையாக மாற்றும் கோடெக் சில்லு, அதன்பின் பெருக்கி, கடைசியாக ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோன் துளை.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. அவற்றின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைக் கொடுக்கும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். சிறு கோடு, சாய்கோடு, புள்ளி, எண் ஆகியவை இங்கே இருப்பதுபோலவே இருக்கட்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

## முனையத்தைத் திறப்பதற்கு முன்

ஹெட்ஃபோன் துளையில் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த பிளக்கின் நுனி உள்ளே தங்கிவிட்ட மடிக்கணினிகளை நானே பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் துளை காலியாகத்தான் தெரியும். பழைய இயந்திரங்கள் சிலவற்றின் விளிம்பில் ஒலியளவுக்கென்று ஒரு சிறு சக்கரம் இருக்கும். அது முழுக்கக் குறைத்து வைக்கப்பட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் பயன் இல்லை. முன்பு இணைத்த புளூடூத் ஹெட்செட் அடுத்த அறையில் உயிரோடு இருந்தால், ஒலி அங்கே போய்க்கொண்டிருக்கலாம். உலாவியில் அந்தத் தாவல் மட்டும் ஒலி முடக்கப்பட்டிருக்கலாம். இவற்றைப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஒலியை முடக்கும் விசைக்குத் தனியாக ஒரு வரி தேவை. பழைய திங்க்பேட் மாதிரிகள் சிலவற்றில் அந்த விசை இயங்குதளத்தைக் கேட்காமல் நேராக வன்பொருளிலேயே ஒலியை வெட்டிவிடும். திரையில் ஒலியளவு நூறு விழுக்காடு என்று காட்டும், ஸ்பீக்கர் பேசாது. அந்த விசையையும் ஒலியைக் கூட்டும் விசையையும் சில முறை அழுத்திப் பாருங்கள். பிறகு நாம் பார்க்கப்போகும் மிக்சரில் (ஒலியளவுப் பட்டைகளைக் காட்டும் கருவியில்) இது "திங்க்பேட் கன்சோல் ஆடியோ கண்ட்ரோல்" என்ற பெயரில் தனி ஒலியட்டையாகவே தெரியலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இன்னொரு காரியம் உண்டு. விண்டோஸிலிருந்து மறுதொடக்கம் செய்து நேராக லினக்ஸுக்கு வரும்போது, மின்சாரம் அறுபடாததால் கோடெக் சில்லு விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே இருந்துவிடுவது உண்டு. கணினியை முழுவதுமாக அணையுங்கள். சார்ஜரைக் கழற்றுங்கள். மின்கலம் கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, மின்விசையை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மீண்டும் எல்லாவற்றையும் பொருத்தி நேராக லினக்ஸைத் தொடங்குங்கள். இந்த ஒன்றிலேயே ஒலி திரும்பினால் இனி இரண்டு இயங்குதளங்களுக்கும் நடுவே மறுதொடக்கத்தைத் தவிர்த்து, அணைத்துத் தொடங்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

## பாதையை இரண்டாக வெட்டுங்கள்

ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். அதில் ஒலி வந்தால் சேவையகம், ஆல்சா, டிரைவர், கோடெக் எல்லாமே நலம். மிக்சரில் ஸ்பீக்கருக்கான பட்டை, தானியங்கி முடக்கம், துளையின் உட்பகுதி, ஸ்பீக்கர் ஆகிய நான்கில் ஒன்றுதான் பாக்கி. மிக்சர் பகுதியைப் படித்துவிட்டு, அதில் தீராவிட்டால் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம்.

இரண்டிலும் ஒலி இல்லையென்றால், நிறுவாமலே இயங்கும் லைவ் யூஎஸ்பி ஒன்றைத் தயாரித்து, வேறொரு விநியோகத்தின் புதிய பதிப்பை அதிலிருந்து தொடங்கிக் கேளுங்கள். அங்கே ஒலி வந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் நிறுவலின் அமைப்பில் இருக்கிறது. அங்கேயும் வராவிட்டால் வன்பொருளோ, அந்த மாதிரிக்கே உரிய டிரைவர் சிக்கலோ காரணம். அரை மணி நேரம் செலவாகும் சோதனைதான். ஆனால் ஒரு முழு நாள் தவறான திசையில் அலைவதைத் தடுத்துவிடும்.

## கர்னலுக்கு ஒலியட்டை தெரிகிறதா?

முனையத்தில் இதைக் கொடுங்கள்:

ஏபிளே -எல்

கோட்டுக்குப் பின் வருவது சிறிய எல் எழுத்து. பதிலில் அட்டைகளின் பட்டியல் வரும்: அட்டை 0, அட்டை 1 என்று எண்ணும், அதன் பெயரும், அதற்குள் இருக்கும் சாதனங்களும். "எச்டிஏ இன்டெல் பிசிஎச்" என்ற அட்டையும், "ஏஎல்சி269 அனலாக்" போன்ற சாதனப் பெயரும் தெரிந்தால் மகிழ்ச்சி கொள்ளுங்கள். அனலாக் என்ற சொல் உள்ள வரிதான் உங்கள் ஸ்பீக்கருக்குப் போகும் வழி. அந்த அட்டை எண்ணையும் சாதன எண்ணையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலியட்டை எதுவும் இல்லை என்ற பதில் வந்தால் இதைக் கொடுங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

நீளமான பட்டியலில் ஆடியோ என்று வரும் பகுதியைத் தேடுங்கள். அதற்குக் கீழே பயன்பாட்டில் உள்ள டிரைவரின் பெயர் இருக்கும். இன்டெல் 2004இல் எச்டி ஆடியோ தரத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு, ஏஎம்டி சில்லுகள் கொண்டவை உட்பட, டிரைவர் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல். அதற்கும் முந்தைய ஏசி97 தலைமுறை என்றால், இன்டெல் இயந்திரங்களில் எஸ்என்டி_இன்டெல்8எக்ஸ்0.

ஆடியோ சாதனம் தெரிகிறது, டிரைவர் வரி மட்டும் இல்லை என்றால், கர்னல் மாட்யூல், அதாவது டிரைவர் இருக்கும் கோப்பு, ஏறவில்லை. கறுப்புப் பட்டியலில் யாராவது அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று /இடிசி/மோட்புரோப்.டி/ அடைவிலுள்ள கோப்புகளைப் பாருங்கள். உபுண்டுவில் ஒலி மாட்யூல்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்று தொடங்கும் தொகுப்பில் வருகின்றன. இப்போது ஓடும் கர்னலுக்கு அந்தத் தொகுப்பு நிறுவப்படாமல் விடுபட்டிருந்தால் ஒலி அடியோடு மறையும். புதுப்பித்த மறுநாள் ஒலி போனதென்றால், தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலின் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் முந்தைய கர்னலில் தொடங்கிப் பாருங்கள். அதில் ஒலி வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

ஆடியோ சாதனமே பட்டியலில் இல்லையென்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் உள்ளமை ஒலி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. 2013 முதல் வந்த பே டிரெயில், பின்னர் வந்த செர்ரி டிரெயில் செயலிகள் கொண்ட சிறிய மலிவு மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச்சாதனம் இந்தப் பட்டியலில் வராமலே இருக்கும். அவை வேறு முறையில் இணைக்கப்பட்டவை. அவற்றுக்கு ஆல்சா-யூசிஎம்-கான்ஃப் என்ற தொகுப்பும், இன்டெல்லின் ஒலி ஃபர்ம்வேரும் (சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருளும்) தேவை. டெபியனில் அந்த ஃபர்ம்வேர், 12ஆம் பதிப்பு முதல், தனியுரிம ஃபர்ம்வேருக்கான தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது. இந்த வகை இயந்திரம் உங்களுடையது என்றால், முடிந்தவரை புதிய கர்னலைப் பயன்படுத்துங்கள். அதற்கான ஆதரவு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ந்தது.

## மிக்சர்: பாதிக்கு மேற்பட்ட ஒலிகள் இங்கேதான் கிடைக்கின்றன

அவசரப்பட்டு இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். மேசைத்தளத்தில் தெரியும் ஒலியளவுப் பட்டை ஒரு முகப்பு மட்டுமே. கோடெக் சில்லுக்குள் பல கதவுகள் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று மூடியிருந்தாலும் ஒலி வெளியே வராது. எல்லாக் கதவுகளையும் ஒரே திரையில் காட்டும் கருவி ஆல்சாமிக்சர். முனையத்தில் அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் திறக்கும். இல்லையென்றால் ஆல்சா-யுடில்ஸ் தொகுப்பை நிறுவுங்கள்.

திறந்ததும் ஒரே ஒரு பட்டைதான் தெரியும், மேலே பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்று எழுதியிருக்கும். பலர் அதை முழுக்க ஏற்றிவிட்டு, மிக்சரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். அது சேவையகத்தின் பட்டை. சில்லின் கதவுகள் இன்னும் கண்ணில் படவில்லை. எஃப்6 விசையை அழுத்தி, நீங்கள் குறித்து வைத்த அட்டையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று வரிசையாகப் பட்டைகள் தோன்றும். திரையின் வலப்பக்கம் அம்புக்குறி தெரிந்தால் இன்னும் பட்டைகள் ஒளிந்திருக்கின்றன. வலது அம்பு விசையால் கடைசிவரை நகருங்கள்.

ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் 00 என்றிருந்தால் கதவு திறந்திருக்கிறது. எம்எம் என்றிருந்தால் முடக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டையில் நின்று எம் விசையை அழுத்தினால் மாறும். மேல் அம்பு அளவைக் கூட்டும். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், பிசிஎம், ஃப்ரண்ட் என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் திறந்து, மேலே காட்டும் டெசிபல் அளவு சுழியத்துக்கு அருகில் வரும்வரை ஏற்றுங்கள். மைக் என்ற பெயருள்ள பட்டை இந்தப் பக்கத்தில் இருந்தால் அதை முடக்கியே வையுங்கள். அது ஒலிவாங்கியின் சத்தத்தை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஊளைச் சத்தம் எழும்.

வலக்கோடியில் ஆட்டோ-மியூட் மோட் என்ற ஒன்று இருக்கலாம். ஹெட்ஃபோன் செருகியதும் ஸ்பீக்கரைத் தானாக அணைக்கும் வசதி இது. துளையின் உணரி கெட்டுப்போய், ஹெட்ஃபோன் எப்போதும் செருகியிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தால், ஸ்பீக்கருக்கு வாய்ப்பே கிடைக்காது. அம்பு விசையால் இதை டிசேபிள்டு என்று மாற்றிக் கேளுங்கள். ஒலி வந்துவிட்டால் மென்பொருள் தரப்பில் வேலை முடிந்தது; மீதி துளையில் இருக்கிறது.

ஏசி97 காலத்து மடிக்கணினி என்றால் இன்னும் சில பெயர்கள் தெரியும். ஹெட்ஃபோன் ஜாக் சென்ஸ், லைன் ஜாக் சென்ஸ் என்ற இரண்டும் இருந்தால் அவற்றை முடக்கிப் பாருங்கள். ஆம், முடக்கத்தான் வேண்டும். அவை திறந்திருக்கும்போது சில சில்லுகள் துளையில் ஏதோ செருகியிருப்பதாக எண்ணி ஸ்பீக்கரை வாயடைத்துவிடுகின்றன. எக்ஸ்டெர்னல் ஆம்பிளிஃபையர் என்ற பொத்தானையும் ஒருமுறை மாற்றிக் கேளுங்கள். சில மாதிரிகளில் அதன் பொருள் தலைகீழாக இருக்கும். திறந்தால் ஊமை, மூடினால் பேச்சு.

ஒலி வந்துவிட்டால் எஸ்கேப் விசையால் வெளியேறி, இதைக் கொடுங்கள்:

சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்

சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்வது. இந்தக் கட்டளை மிக்சரின் இப்போதைய நிலையைச் சேமிக்கும்; அடுத்த முறை கணினி தொடங்கும்போது அதே நிலை மீட்கப்படும். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒலி முடங்கியே வருகிறது என்று வருந்துபவர்களில் பலர் இந்த ஒரு வரியைக் கொடுக்காதவர்கள். பட்டைகளை மாற்றி மாற்றிக் குழம்பிவிட்டீர்கள் என்றால், ஸ்டோர் என்பதற்குப் பதில் இனிட் என்று கொடுங்கள். அட்டை தொடக்க நிலைக்குத் திரும்பும்.

## சேவையகத்தை ஒதுக்கிவிட்டு நேராகச் சோதியுங்கள்

இப்போது ஆல்சாவை நேரடியாகத் தட்டிப் பார்க்கலாம். உலாவி, பாட்டு இயக்கி, ஒலி அமைப்புச் சாளரம் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். வேலை இல்லாதபோது சேவையகம் சாதனத்தை விட்டுவிடும். பிறகு:

ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்எச்டபிள்யூ:1,0 -சி 2 -டி வேவ்

இதில் முதல் டி, டிவைஸ் என்பதன் முதல் எழுத்து; பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். கடைசி டி, டைப் என்பதன் முதல் எழுத்து, சிறியது. 1,0 என்ற இடத்தில் நீங்கள் குறித்து வைத்த அட்டை எண்ணையும் சாதன எண்ணையும் போடுங்கள். இடது, வலது ஸ்பீக்கர்களில் மாறி மாறி ஒரு பெண் குரல் கேட்க வேண்டும். கண்ட்ரோல், சி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

இதற்குப் பதிலாகச் சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தால், ஏதோ ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடோ ஃப்யூசர் -வி /டெவ்/எஸ்என்டி/* என்ற கட்டளை அது எது என்று காட்டிக்கொடுக்கும்.

குரல் கேட்டதா? அப்படியென்றால் ஆல்சாவும் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் சரி. தவறு சேவையகத்தில் இருக்கிறது. கேட்கவில்லையா? சேவையகப் பகுதியை விட்டுவிட்டு டிரைவர் பகுதிக்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பைப்வயரை நீக்கி மீண்டும் நிறுவுவதில் எந்த நியாயமும் இல்லை.

## ஒலி எச்டிஎம்ஐ வழியே வீணாகிறதா?

2013 வாக்கில் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் செயலிகள் கொண்ட மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். அவற்றில் எச்டிஎம்ஐ ஒலிக்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு; அதுவே அட்டை 0 என்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஸ்பீக்கர் அட்டை 1 ஆகிவிடும். ஒலி யாரும் செருகாத திரைக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சேவையகம் ஓடும் மேசைத்தளத்தில் இதற்கு மருந்து எளிது. ஒலி அமைப்புகளில் வெளியீட்டுச் சாதனத்தை உள்ளமை ஒலி அல்லது அனலாக் ஸ்டீரியோ என்று மாற்றினால் போதும். அது நினைவில் நிற்கும். சேவையகமே இல்லாத மிக எளிய நிறுவல்களில் மட்டும் அட்டை வரிசையை மாற்றுங்கள். /இடிசி/மோட்புரோப்.டி/ அடைவில் கான்ஃப் என்று பெயர் முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் இந்த வரியை எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள்:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் இண்டெக்ஸ்=1,0

## சேவையகம்: பைப்வயரும் பல்ஸ்ஆடியோவும்

எது ஓடுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிஏசிடிஎல் இன்ஃபோ என்ற கட்டளையின் பதிலில் சர்வர் நேம் என்ற வரி இருக்கும். பல்ஸ்ஆடியோ என்று மட்டும் இருந்தால் அதுவே. அடைப்புக்குறிக்குள் பைப்வயர் பெயரும் பதிப்பெண்ணும் இருந்தால், பழைய நிரல்களுக்காகப் பல்ஸ்ஆடியோவின் வேடத்தில் பைப்வயர் ஓடுகிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் எதுவுமே ஓடவில்லை.

பைப்வயர் என்றால் மறுதொடக்கம் இப்படி, சூடோ இல்லாமல்:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ் வயர்பிளம்பர்

பல்ஸ்ஆடியோ என்றால் பல்ஸ்ஆடியோ -கே போதும். பெரும்பாலான நிறுவல்களில் அது தானாகவே மீண்டும் எழும்.

அடுத்து பிஏவியூகண்ட்ரோல் என்ற சிறு நிரலை நிறுவுங்கள். பைப்வயரோடும் அது நன்றாக வேலை செய்யும். அதன் கடைசித் தாவலான உள்ளமைவுப் பகுதியில் உங்கள் அட்டையின் சுயவிவரம் அணைக்கப்பட்டதாக இருந்தால், அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ் என்று மாற்றுங்கள். முதல் தாவலில், பாட்டு ஓடும்போது மட்டும், அந்தந்த நிரலின் பட்டை தோன்றும். ஒரு நிரல் மட்டும் முடங்கியிருப்பதும், வேறொரு சாதனத்துக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருப்பதும் இங்கே கண்ணில் படும். பட்டைக்கு அடியில் ஓடும் அளவுமானியைக் கவனியுங்கள்: அது துள்ளினால் ஒலி சேவையகம்வரை வந்துவிட்டது என்று பொருள்.

அமைப்புகளில் டம்மி அவுட்புட் என்று மட்டும் தெரிந்தால், சேவையகம் ஓடுகிறது, அதற்கு அட்டை எதுவும் கிடைக்கவில்லை. ஏபிளே அட்டையைக் காட்டுகிறது, சேவையகம் காட்டவில்லை என்றால் சேமித்து வைத்த பழைய நிலை குறுக்கே நிற்கலாம். உங்கள் வீட்டு அடைவுக்குள் .லோக்கல்/ஸ்டேட்/வயர்பிளம்பர் என்ற அடைவையும், பல்ஸ்ஆடியோ என்றால் .கான்ஃபிக்/பல்ஸ் என்ற அடைவையும் வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அழிக்க வேண்டாம். பெயரை மாற்றினால் தேவைப்பட்டபோது திரும்பக் கொண்டுவரலாம்.

பைப்வயர்-பல்ஸும் பல்ஸ்ஆடியோவும் இரண்டுமே ஓடிக்கொண்டிருப்பது, பதிப்பு மேம்படுத்திய கணினிகளில் நேர்வது. ஒன்றுதான் இருக்க வேண்டும். உங்கள் விநியோகம் எதை இயல்பாகத் தருகிறதோ அது. பல்ஸ்ஆடியோவை அடியோடு நீக்குங்கள் என்று சொல்லும் குறிப்புகள் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. உபுண்டு 8.04 காலத்தில், பல்ஸ்ஆடியோ புதிதாக வந்து தடுமாறியபோது, அதற்கு ஒரு காரணம் இருந்தது. இன்று அப்படி நீக்கினால் மேசைத்தளத் தொகுப்புகளும் கூடவே போகக்கூடும். குறிப்பின் தேதியைப் பார்க்காமல் எந்தக் கட்டளையையும் ஓட்டாதீர்கள்.

## டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை

அட்டை தெரிகிறது, மிக்சர் திறந்திருக்கிறது, நேரடிச் சோதனையிலும் ஓசை இல்லை. இப்போது கோடெக்கின் சரியான பெயர் வேண்டும். கேட் /பிராக்/அசவுண்ட்/கார்டு0/கோடெக்#0 என்று கொடுத்தால் முதல் வரியிலேயே ரியல்டெக், கோனெக்சண்ட், ஐடிடி என்று பெயரும் எண்ணும் இருக்கும். அட்டை எண் வேறென்றால் 0 என்பதை மாற்றுங்கள். பழைய மடிக்கணினிகளில் தொலைபேசி மோடமும் இதே பாதையில் உட்கார்ந்திருக்கும் என்பதால் இரண்டாவது கோடெக் ஒன்று தெரிந்தால் திகைக்க வேண்டாம்.

கோடெக் சில்லின் எந்தக் கால் ஸ்பீக்கருக்கு, எந்தக் கால் துளைக்கு என்று பயாஸ்தான் டிரைவருக்குச் சொல்ல வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அதைத் தவறாகவோ அரைகுறையாகவோ எழுதி, விண்டோஸ் டிரைவரில் மட்டும் சரிசெய்துவிட்டார்கள். லினக்ஸ் டிரைவருக்குள் இதற்கான திருத்தங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உங்கள் மாதிரி அதில் விடுபட்டிருந்தால் மாடல் என்ற தேர்வு கைகொடுக்கும். கர்னல் ஆவணங்களில் எச்டி ஆடியோ பகுதியில், கோடெக் வாரியாக மாடல் பெயர்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் கோடெக்குக்கு அங்கே உள்ள பெயரை மட்டும், முன்பு சொன்ன அதே வகைக் கோப்பில், ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் மாடல்= என்பதற்குப் பின் எழுதி மறுதொடக்கம் செய்யுங்கள். ஒரு பெயர் உதவாவிட்டால் அந்த வரியை நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பெயர்களைத் தேடிச் சலித்துவிட்டால் எச்டிஏஜாக்ரீடாஸ்க் என்ற வரைகலைக் கருவி இருக்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் ஆல்சா-டூல்ஸ்-ஜியூஐ தொகுப்பில் வரும். கோடெக்கின் ஒவ்வொரு காலையும் காட்டும். இணைக்கப்படாதது என்று தவறாகக் குறிக்கப்பட்ட காலை உள் ஸ்பீக்கர் என்று மாற்றி உடனே கேட்டுப் பார்க்கலாம்; பலித்தால் மட்டும் நிரந்தரமாக நிறுவலாம். பொறுமையாக ஒவ்வொரு காலாகச் சோதித்து, ஐந்தாவது முயற்சியில் ஸ்பீக்கர் திடீரென்று பேசியபோது எனக்குக் கிடைத்த நிறைவு கொஞ்சம் அல்ல.

கர்னல் பதிவில், அதாவது சூடோ டிமெசேஜ் என்று ஒலிக்கும் டி-எம்-இ-எஸ்-ஜி கட்டளையின் பதிலில், கோடெக் பதில் தரவில்லை என்ற பொருளில் வரிகள் இருந்தால், எனேபிள்_எம்எஸ்ஐ=0 என்ற தேர்வை, மாடல் என்பதற்குப் பதிலாக, அதே கோப்பில் அதே வகை வரியில் முயலுங்கள். ஒலி வருகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் டப்பென்று வெடிக்கிறது அல்லது முதல் நொடி விழுங்கப்படுகிறது என்றால், அதே வரியில் பவர்_சேவ்=0 என்பது அதற்கான மருந்து.

## துளையும் ஸ்பீக்கரும்

ஹெட்ஃபோனில் வருகிறது, ஸ்பீக்கரில் வரவில்லை, ஆட்டோ-மியூட்டை அணைத்தும் பயன் இல்லை என்றால் இங்கே வாருங்கள். பழைய துளைகள் பலவற்றுக்குள் ஒரு சிறிய உலோக நாக்கு இருக்கும். பிளக் நுழைந்தால் விலகி ஸ்பீக்கரின் தொடர்பை வெட்டும். தூசியாலோ துருவாலோ அது விலகியபடியே ஒட்டிக்கொள்வது உண்டு. கணினியை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோன் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். அழுத்தக் காற்றால் ஊதுங்கள். உலோக ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள்.

பழைய மேக்புக்கின் துளையிலிருந்து சிவப்பு ஒளி வந்தால் அதுவும் இதே கதைதான். அந்தத் துளைக்குள் ஒளியிழை வெளியீடும் சேர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் சிறு சுவிட்ச் தவறாக அழுந்தி நிற்பதால் ஒலி முழுவதும் ஒளியாகப் போய்க்கொண்டிருக்கிறது. பிளக்கை மெல்ல அசைத்து எடுத்தால் சுவிட்ச் விடுபடும். மிக்சரில் எஸ்பிடிஐஎஃப் (எண்முறை ஒலி வெளியீடு) பட்டையை முடக்கினால் ஒளி அணையும், ஆனால் சுவிட்ச் விடுபடாமல் ஸ்பீக்கர் திரும்பாது.

கழற்றத் துணிவிருந்தால், ஸ்பீக்கரையே சோதிக்கலாம். மின்கலத்தைக் கழற்றி, ஸ்பீக்கரின் சிறு இணைப்பியைத் தாய்ப்பலகையிலிருந்து விடுவியுங்கள். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் இரு கம்பிகளில் ஒரு கணம் தொடுங்கள். "டிக்" என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டரில் சில ஓம் அளவே காட்டும். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, புதிய ஸ்பீக்கர் வாங்க வேண்டியதுதான். ஸ்பீக்கர் நன்றாக இருந்தும் ஒலி வராவிட்டால் தாய்ப்பலகையின் பெருக்கிப் பகுதி போயிருக்கலாம்.

## உதவி கேட்கும்போது

எல்லாவற்றையும் செய்து பார்த்தும் தீரவில்லையென்றால், "ஒலி வரவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆல்சா-இன்ஃபோ என்ற சிறுநிரல் அட்டை, கோடெக், மிக்சர் நிலை, கர்னல் பதிப்பு அத்தனையையும் ஒரே அறிக்கையாகத் திரட்டித் தரும். அதோடு ஹெட்ஃபோன் சோதனை, லைவ் யூஎஸ்பி சோதனை, நேரடிச் சோதனை மூன்றின் முடிவையும் எழுதுங்கள். தாளில் குறித்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதை அப்படியே படியெடுத்தால் போதும். படிப்பவர் முதல் பதிலிலேயே உங்கள் இயந்திரத்துக்கான விடையைச் சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது.

பெருக்கியோ கோடெக்கோ இறந்துவிட்ட கணினிக்கும் ஒலி உண்டு. யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய ஒலி அடாப்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் கேட்பதில்லை. கர்னலில் உள்ள எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ மாட்யூல் செருகியவுடன் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும். ஏபிளே பட்டியலில் அது புதிய அட்டையாகத் தோன்றும். வெளியீட்டுச் சாதனமாக அதைத் தேர்ந்தெடுத்து, ஆல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தி அதன் பட்டையும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள்.